நெஞ்சு வலிக்கிறது, தண்டால் எடுக்கலாமா?



உழைத்து வாழும் நமக்கு உடம்புதான் முதல். தோள் வலித்தால் வேலை நிற்கும். வேலை நின்றால் அன்றைய கூலி நிற்கும்.

மும்பையில் தாராவி என்ற பகுதி உண்டு. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. பலர் பழைய பொருள் கிடங்குகளில் மூட்டை தூக்குகிறார்கள். சிலர் கைவண்டி தள்ளுகிறார்கள். மாலையில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒருவர் வகுப்பில் கேட்ட கேள்விதான் இந்தப் பாடம்.

அண்ணன்: தம்பி, எனக்கு வலது தோளில் ஆறு மாசமா வலி. இரண்டு மாசமா நடு நெஞ்சு எலும்பும் வலிக்குது. ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தாங்க. டாக்டர் பார்த்துட்டு, இதயத்தில் கோளாறு இல்லைன்னு சொன்னார். ஆனா தண்டால் எடுத்தா வலிக்குது.

தொண்டர்: வலிச்சா என்ன செய்யறீங்க அண்ணே?

அண்ணன்: நாலு நாள் விட்டுடறேன். வலி குறைஞ்சதும் பழையபடி அம்பது எடுக்கிறேன். மறுபடியும் பிடிச்சுக்குது. ஒருத்தர் "அடியோட விட்டுடு"ன்னு சொல்றார். இன்னொருத்தர் "பல்லைக் கடிச்சுக்கிட்டு எடு, சரியாயிடும்"னு சொல்றார். யார் பேச்சைக் கேக்கறது?

தொண்டர்: மூணாவது வழி ஒண்ணு இருக்கு அண்ணே. குறைச்சு எடுக்கணும். கணக்கு எழுதணும். கணக்கைப் பார்த்துக் கூட்டணும்.

அண்ணன்: தண்டாலுக்கும் நோட்டா?

தொண்டர்: ஆமாண்ணே. இப்போதான் எழுதக் கத்துக்கிட்டீங்களே!

அந்த மூன்றாவது வழியை இப்போது படிப்போம்.

முதலில் இதயம்

நெஞ்சு வலி என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. இது இதய வலியா?

கீழே உள்ள அடையாளங்களைச் சத்தமாகப் படியுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

• நெஞ்சில் பாரம் வைத்து அழுத்துவது போன்ற வலி.
• வலி இடது கைக்கோ, இரண்டு கைகளுக்கோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவுதல்.
• குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம்.
• நடந்தால், மாடிப்படி ஏறினால் வலி வருதல். உட்கார்ந்தால் குறைதல்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சி வேண்டாம். நடந்தால் வந்து, உட்கார்ந்தால் போகும் வலி என்றாலும் அதே நாளில் டாக்டரிடம் காட்டுங்கள். வலி சில நிமிடங்களில் விடவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. வியர்வையோ மூச்சுத் திணறலோ சேர்ந்து வந்தாலும் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மகாராஷ்டிரத்தில் ஆம்புலன்ஸுக்கு 108 என்ற எண். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணும் உண்டு.

"வாயுப் பிடிப்பு" என்று சொல்லி நம்மில் பலர் சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். அந்த ஒரு மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலி குறைவாக இருக்கலாம். மூச்சு வாங்குதல், மிகுந்த சோர்வு, வியர்வை மட்டும் வரலாம். அதையும் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது.

"விரலால் அழுத்தினால் வலிக்கிறது. அப்படியானால் இது எலும்பு வலிதான்" என்று சிலர் தாமே முடிவு கட்டுகிறார்கள். அழுத்தினால் வலிப்பது எலும்பு வலியின் ஓர் அடையாளம்தான். ஆனால் அதை மட்டும் வைத்து இதய நோய் இல்லை என்று சொல்ல முடியாது. டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வேறு சில அடையாளங்களும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் காச நோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். அடிபட்ட பிறகு வந்த வலி, கை மரத்துப் போதல், கையைத் தூக்கவே முடியாமை ஆகியவற்றையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதய அறுவை சிகிச்சையில் நெஞ்செலும்பைப் பிளந்து கம்பியால் கட்டியவர்கள், தங்கள் டாக்டர் சொல்லாமல் இந்தப் பயிற்சிகளைத் தொடவே கூடாது.

டாக்டர் பார்த்து, "இது தசை வலி, குருத்தெலும்பு வலி" என்று சொன்னவர்களுக்கே இனி வரும் பகுதி.

நெஞ்சுக் கூடு எப்படி இருக்கிறது?

உங்கள் கையை நெஞ்சின் நடுவில் வையுங்கள். தட்டையாக ஓர் எலும்பு தெரிகிறதா? கழுத்துக் குழியிலிருந்து வயிற்றின் மேல் வரை அது இறங்குகிறது. கழுத்துப் பட்டை போல் இருக்கும் இதுதான் மார்பெலும்பு.

நமக்கு விலா எலும்புகள் 12 ஜோடி. மேலே உள்ள 7 ஜோடிகள் மார்பெலும்போடு நேராகச் சேர்கின்றன. 8, 9, 10-ஆம் ஜோடிகள் தமக்கு மேலே உள்ள விலாவின் குருத்தெலும்போடு சேர்கின்றன. 11, 12-ஆம் ஜோடிகள் முன்பக்கம் எதனோடும் சேர்வதில்லை.

சேரும் இடத்தில் இருப்பது குருத்தெலும்பு. காது மடலைத் தொட்டுப் பாருங்கள். வளைகிறது அல்லவா? அதிலும் இருப்பது குருத்தெலும்புதான். நாம் மூச்சு விடும்போது நெஞ்சு விரிந்து சுருங்க இது உதவுகிறது.

இந்தக் கூட்டின் மேல் விசிறி போல் ஒரு பெரிய தசை படுத்திருக்கிறது. அது மார்புத் தசை. விசிறியின் அகலமான பக்கம் காறை எலும்பிலும், மார்பெலும்பிலும், விலாக் குருத்தெலும்பிலும் ஒட்டியிருக்கிறது. விசிறியின் குறுகிய முனை மேல் கை எலும்பில், தோளுக்குச் சற்றுக் கீழே ஒட்டியிருக்கிறது.

இதை நன்றாக நினைவில் வையுங்கள். தசை ஒன்று. ஒட்டும் முனைகள் இரண்டு. ஒரு முனை நெஞ்சில், மறு முனை தோள் பக்கம். கயிற்றின் நடுவில் இழுத்தால் இரண்டு முளைகளும் ஆடும். அதுபோலவே, தண்டால் எடுக்கும்போது நெஞ்சும் தோளும் சேர்ந்து இழுபடுகின்றன. இரண்டு இடத்திலும் வலி சேர்ந்து வருவதற்கு இது ஒரு காரணம்.

வலி ஏன் திரும்பி வருகிறது?

தோள் மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும் போன்றது. பந்து பெரியது. கிண்ணம் ஆழம் இல்லாதது. அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. பந்து நழுவாமல் நான்கு சிறு தசைகள் அதைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. நாள் முழுவதும் மூட்டை தூக்கினால் இந்தச் சிறு தசைகள் களைத்துப் போகும். களைத்த தோளோடு உடனே தண்டால் எடுத்தால் அவற்றின் நாண்கள் புண்படும்.

நெஞ்சில் வலிப்பது பெரும்பாலும் விலாவும் மார்பெலும்பும் சேரும் குருத்தெலும்பு. அங்கே அழற்சி ஏற்பட்டால் அழுத்தும்போது வலிக்கும். தும்மினாலும், இருமினாலும், புரண்டு படுத்தாலும் வலிக்கும். இது பெரும்பாலும் தானாகவே ஆறும். ஆனால் பல வாரங்கள் ஆகலாம். சிலருக்கு மாதங்களும் ஆகலாம்.

தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம். அது சீக்கிரம் ஆறும். நாணுக்கும் குருத்தெலும்புக்கும் ரத்த ஓட்டம் குறைவு. அவை மெதுவாகத்தான் ஆறும். நாலு நாளில் வலி குறையலாம். ஆனால் நாண் ஆறியிருக்காது. அப்போது பழைய 50-க்கே போனால் வலியும் திரும்பி வரும்.

அடியோடு விட்டுவிட்டால் என்ன ஆகும்? தசை மெலியும். பலம் குறைந்த தோளில் அதே மூட்டையை ஏற்ற வேண்டியிருக்கும். வலி இன்னும் கூடும். ஆகவே விடுவதும் தீர்வு அல்ல. பல்லைக் கடிப்பதும் தீர்வு அல்ல.

காமா பயில்வானைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1910-இல் லண்டன் போய்ப் புகழ் பெற்ற மல்லர் அவர். தினமும் ஆயிரக்கணக்கில் தண்டால் எடுத்தார் என்று சொல்வார்கள். அவர் சிறு வயதிலேயே தொடங்கியவர். வருடக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியவர். அவருக்கு அதுவே வேலை. பகலெல்லாம் சுமை தூக்கிவிட்டு வரும் நாம் நம் அளவைத்தான் பார்க்க வேண்டும்.

வலிக்கு மதிப்பெண் போடுவோம்

பள்ளியில் 10-க்கு மதிப்பெண் போடுவது போல் வலிக்கும் போடலாம். 0 என்றால் வலியே இல்லை. 10 என்றால் தாங்க முடியாத வலி.

• 0 முதல் 3 வரை: பயிற்சியைத் தொடரலாம்.
• 4 அல்லது 5: எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது எளிதான படிக்கு இறங்குங்கள்.
• 6-க்கு மேல்: அன்றைக்கு நிறுத்துங்கள்.

பயிற்சி முடிந்ததும் ஒரு மதிப்பெண் எழுதுங்கள். மறுநாள் காலை எழுந்ததும் இன்னொரு மதிப்பெண் எழுதுங்கள். மறுநாள் காலை மதிப்பெண்தான் முக்கியம். பயிற்சிக்கு முன்பு இருந்ததைவிட அது கூடியிருந்தால், நேற்றுச் செய்தது அதிகம் என்று பொருள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்யாதீர்கள். அப்போது மதிப்பெண் பொய் சொல்லும். அந்த மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் தொடர்ந்து சாப்பிட்டால் வயிற்றுப் புண் வரும். சிறுநீரகமும் கெடலாம்.

நான்கு படிகள்

தரையில் தண்டால் எடுக்கும்போது கைகள் தாங்குவது நம் எடையில் சுமார் 3-இல் 2 பங்கு. 60 கிலோ எடை உள்ளவர் தாங்குவது சுமார் 40 கிலோ. இரண்டடி உயரத் திண்டில் கை ஊன்றி எடுத்தால் சுமார் 5-இல் 2 பங்குதான். அதே ஆள் தாங்குவது 24 கிலோ. சுவரில் எடுத்தால் இன்னும் குறைவு. கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு சுமை குறையும். இந்தக் கணக்குதான் நமக்கு ஏணி.

படி 1: சுவர். சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நில்லுங்கள். உள்ளங்கைகளை நெஞ்சு உயரத்தில், தோள் அகலத்தில் ஊன்றுங்கள். மூன்று எண்ணும் வரை மெதுவாக முன்னே சாயுங்கள். மூச்சை விட்டபடி தள்ளித் திரும்புங்கள். மூச்சை அடக்கக் கூடாது.

படி 2: இடுப்பு உயரம். ஆடாத மேசை, கட்டைச் சுவர் எதுவும் சரி. சக்கரம் உள்ள வண்டி வேண்டாம்.

படி 3: முழங்கால் உயரம். திண்ணை அல்லது மாடியின் இரண்டாம் படி.

படி 4: தரை. நெஞ்சுக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள். நெஞ்சு தலையணையைத் தொட்டதும் மேலே வாருங்கள். அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

எல்லாப் படிகளிலும் முழங்கையைக் கவனியுங்கள். சிறகு விரித்தது போல் பக்கவாட்டில் நீட்டினால் தோள் நெரிபடும். உடம்போடு ஒட்டியும் வைக்க வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் இருக்கட்டும்.

ஒரு சுற்றுக்கு 10. மொத்தம் மூன்று சுற்று. சுற்றுக்கு நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. வாரத்தில் மூன்று நாள் போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள்.

எப்போது அடுத்த படிக்கு ஏறலாம்? அடுத்தடுத்த மூன்று பயிற்சி நாட்களில் 30-உம் முடிந்திருக்க வேண்டும். வலி 3-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. மறுநாள் காலையும் கூடியிருக்கக் கூடாது. அப்போது ஏறுங்கள். ஏறிய இடத்தில் வலித்தால் வெட்கப்படாமல் இறங்குங்கள். முழுப் பலன் தெரிய 12 வாரங்கள் வரை ஆகலாம்.

குடம் தூக்கும், குழந்தை தூக்கும் சகோதரிகளுக்கும் இதே படிகள்தான். சுவர்ப் படிக்குச் சமையலறைச் சுவரே போதும்.

முதுகையும் பாருங்கள்

நெஞ்சை மட்டும் பயிற்றினால் தோள் முன்னே கூனும். அதனால் தள்ளும் பயிற்சி செய்கிற நாளில் இழுக்கும் பயிற்சியும் செய்ய வேண்டும். பழைய சைக்கிள் டியூப் ஒன்று போதும்.

இழுத்தல்: டியூபை உறுதியான ஜன்னல் கம்பியில் மாட்டுங்கள். இரு முனைகளையும் பிடித்து, முழங்கைகளைப் பின்னே இழுங்கள். தோள்பட்டை எலும்புகள் முதுகில் நெருங்க வேண்டும். 15 முறை, இரண்டு சுற்று.

திருப்புதல்: டியூபை முழங்கை உயரத்தில் பக்கவாட்டில் கட்டுங்கள். ஜன்னல் பக்கம் இடது தோள் இருக்கும்படி நின்று, வலது கையால் டியூபைப் பிடியுங்கள். துண்டை மடித்து வலது முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் வையுங்கள். துண்டு விழாமல் முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்புங்கள். 15 முறை. பிறகு மறு பக்கம் திரும்பி இடது கைக்கும் செய்யுங்கள். பந்தைப் பிடித்திருக்கும் சிறு தசைகளுக்கு இது நல்லது.

சில மாதம் செய்யக் கூடாதவை

• இரட்டைக் கம்பியில் உடம்பை இறக்கி ஏற்றுதல். மார்பெலும்பையும் தோளையும் ஒன்றாக இழுப்பதில் இது மிகக் கடுமையானது.
• தலையைத் தாழ்த்தி, நெஞ்சைத் தரையோடு உராய்வது போல் எடுக்கும் அகாடா தண்டால்.
• பெஞ்ச் பிரஸ்ஸில் கம்பியை நெஞ்சில் மோதி எழுப்புதல்.
• வலிக்கும் மார்பெலும்பை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தல். இது அழற்சியைக் கூட்டும். இதமான ஒத்தடம் போதும்.
• "சீக்கிரம் நெஞ்சு அகலும்" என்று யாராவது தரும் ஊசி, மாத்திரை.

பயிற்சியின்போது "பட்" என்று சத்தம் கேட்டு, கையில் பலம் போய், ரத்தம் கட்டினால் தசை கிழிந்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேலையிலும் கணக்கு வேண்டும்

மாலையில் 30 தண்டால் கணக்கு வைத்துவிட்டு, பகலில் கணக்கில்லாமல் தூக்கினால் பயன் இல்லை. ஒரு நாளில் 50 கிலோ மூட்டை 40 தூக்கினால் எவ்வளவு? 50 × 40 = 2000 கிலோ. அதாவது 2 டன். அதிகச் சுமை வந்த நாளில் தண்டால் வேண்டாம். அதை மறுநாளுக்குத் தள்ளுங்கள்.

மூட்டையை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். தோளை மாற்றி மாற்றி ஏற்றுங்கள். பெரிய மூட்டையை இருவராகத் தூக்குங்கள். தள்ளுவண்டி கேளுங்கள். ஒருவர் கேட்டால் முதலாளிக்குக் கோபம் வரும். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் யோசிப்பார்.

கேட்பது நம் உரிமைதான். ஆண் தொழிலாளி கையால் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரை செய்தது. பெண்களுக்கு அதைவிட மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. சுமை தூக்குவோரின் நலனுக்காக 1969-இல் மகாராஷ்டிரத்தில் மாத்தாடி, ஹமால் தொழிலாளர் சட்டம் வந்தது. சுமை தூக்குவோர் ஒன்று சேர்ந்து கேட்டதால் வந்த சட்டம் அது.

எழுதிப் பார்ப்போம்

நோட்டில் இப்படி எழுதுங்கள்.

திங்கள்: சுவர். 10, 10, 8. வலி 2. மறுநாள் காலை 1.
புதன்: சுவர். 10, 10, 10. வலி 2. மறுநாள் காலை 2.
வெள்ளி: மேசை. 10, 10, 10. வலி 5. மறுநாள் காலை 4.

கணக்குப் போடுவோம்

1. திங்கட்கிழமை மொத்தம் எத்தனை?
2. மூன்று நாளும் சேர்த்து எத்தனை?
3. உங்கள் எடை எவ்வளவு? தரைத் தண்டாலில் உங்கள் கைகள் தாங்குவது சுமார் எத்தனை கிலோ?

பேசுவோம்

1. புதன்கிழமைக்குப் பிறகு இவர் மேசைக்கு ஏறியது சரியா? காரணம் சொல்லுங்கள்.
2. அடுத்த திங்கட்கிழமை இவர் எந்தப் படியில் தொடங்க வேண்டும்?
3. "வாயுப் பிடிப்புதான்" என்று சொல்லிப் படுத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?
4. உங்கள் வேலை இடத்தில் தள்ளுவண்டி இருக்கிறதா? இல்லை என்றால் யாரிடம், எப்படிக் கேட்கலாம்? ஒரு கடிதமாக எழுதுங்கள்.

சொல்லும் பொருளும்

மார்பெலும்பு – நெஞ்சின் நடுவில் உள்ள தட்டை எலும்பு
காறை எலும்பு – கழுத்தின் கீழே, தோளுக்குப் போகும் எலும்பு
குருத்தெலும்பு – வளையும் தன்மை உள்ள மெல்லெலும்பு
நாண் – தசையை எலும்போடு கட்டும் உறுதியான பட்டை
அழற்சி – புண்பட்ட இடம் வீங்குதல், சூடாதல், வலித்தல்